குறுக்கே நின்ற வேன்

"கொஞ்சமாவது இங்கிதம் இருக்கா பாருங்க அந்த மீசைக்காரருக்கு! ஏரிக்கரை பூரா காலியாக் கிடக்கு. நம்மளை ஒட்டிக்கிட்டு வந்து நிறுத்துறாரு!"

அவள் ஜன்னலை அறைந்து சாத்தினாள். காலைவரை ஏரி தெரிந்த இடத்தில் இப்போது இன்னொரு வேனின் அழுக்கு வெள்ளைச் சுவர். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

புருஷன் காதில் எதுவும் ஏறவில்லை. ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்துப் போட்டு, அதன் முதுகுப்பக்கம் தலையை விட்டிருந்தார். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கிற வாடகை கேம்பர் வேன். எல்லாம் இருந்தது, ஃப்ரிட்ஜில் குளிர்ச்சி மட்டும்தான் இல்லை.

"பின்னாடி சேர்ற சூடு வெளியே போகணும். போனாத்தான் உள்ளே ஜில்லுன்னு ஆகும். அந்த ஃபேனை எடு."

டவுனில் வாங்கி வந்த இரண்டு குட்டி ஃபேன்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கையோடு ஃப்ரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தாள். பதினோரு டிகிரி.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்தா எப்படிம்மா குளிரும்?"

"திறக்காம என்னங்க பண்றது? நேத்து மத்தியானம் ஒரு பாட்டில் பாழாப் போச்சே!"

நான்கு வயது மகளுக்குக் காதில் சீழ். டாக்டர் கொடுத்த சிரப் எட்டு டிகிரிக்கு மேல் அரை நாள் இருந்தால் கெட்டுவிடும். காய்ச்சலோடு ஏழு மணி நேரம் பிரயாணம் கூடாது என்று அவரே சொல்லிவிட்டதால் ஊருக்கும் திரும்ப முடியவில்லை. வேன்கள் நிறுத்தும் இந்த மைதானத்து ஆபீஸில் ஃப்ரிட்ஜ் கிடையாது. விடிந்ததும் மேனேஜரம்மாவின் ஸ்கூட்டரை இரவல் வாங்கி, ஒரு மணி நேரம் ஓட்டிப் போய் வாங்கி வந்த இரண்டாவது பாட்டில் இது. கடையில் இருந்த கடைசி பாட்டிலும் இதுதான்.

குழந்தை முனகியது. அவள் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி ஃப்ரிட்ஜ். மறுபடி நெற்றி.

பன்னிரண்டு மணிக்கு ஒன்பது. ஒரு மணிக்கு ஏழு. இரண்டு மணிக்கு ஐந்து!

புருஷன் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார். "பார்த்தியா? ரெண்டே ஃபேன்! இதைச் செய்யத் தெரியாமத்தான் நமக்கு வாடகைக்கு விட்டிருக்கானுங்க!"

அவளுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் சும்மா இருக்க விடவில்லை.

"இப்ப அந்த மீசைக்காரரை ஒரு வழி பண்றேன்."

"ஏரிதானே மறைக்குது? விடேன்."

"காத்தும்தான் மறைக்குது. இத்தனை இடம் இருக்க நம்ம மேல வந்து விழுந்தா என்ன அர்த்தம்?"

விறுவிறுவென்று ஆபீசுக்கு நடந்தாள். மேனேஜரம்மா ரசீதுப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"அதும்மா, அவர் எதுக்கு அங்க வந்தார்னா..."

"எதுக்கா இருந்தா எனக்கென்ன? இப்பவே எடுக்கச் சொல்லுங்க. இல்லைன்னா உங்க முதலாளிக்குப் புகார் எழுதுவேன்."

மேனேஜரம்மா புத்தகத்தை மூடிவிட்டுக் கூடவே வந்தாள்.

மீசைக்காரர் தன் வேனின் வாசற்படியில், தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் அவர் மேல் நேராக இறங்கியது.

"ஒரு அஞ்சு மணி வரைக்கும் நிக்கட்டுமேம்மா. அப்புறம் நானே எடுத்துடறேன்."

"அஞ்சும் கிடையாது, ஆறும் கிடையாது. இப்பவே எடுங்க சார்!"

அவர் வாக்குவாதம் செய்யவில்லை. வண்டியைக் கிளப்பி, ஏரியோரம் காற்று வரும் தன் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அவள் ஜன்னலை விரியத் திறந்தாள். ஏரி பளபளத்தது.

அரை மணி கழித்துத் தெர்மாமீட்டர் ஆறு காட்டியது. கண்ணைக் கசக்கிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்த்தாள். ஏழு.

"ஏங்க! ஏறுது!"

"அது எப்படி? ஃபேன் ஓடுதே!" அவர் மறுபடி மண்டியிட்டார். ஃபேன்கள் என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

அவள் வெளியே ஓடினாள். ஃப்ரிட்ஜுக்கு நேராக, சூடு வெளியேறும் கம்பி வலையைச் சுற்றி வேனின் தகரச் சுவரைத் தொட்டாள். சுரீர் என்றது. மேற்கு வெயில் மொத்தமும் அந்தச் சுவரில்தான் அடித்தது.

விரலை உதறியவள் அப்படியே திரும்பிப் பார்த்தாள். சற்று முன்வரை அந்த வெயில் எதன் மேல் விழுந்தது?

சத்தம் கேட்டு மேனேஜரம்மா ஆபீஸிலிருந்து வந்து நின்றாள்.

"முப்பது வருஷம் மீன் ஏத்துற ஐஸ் லாரி ஓட்டினவரும்மா அவரு. காலையில நீங்க ரெண்டு பேரும் மருந்துக்காகக் கத்தினது காதுல விழுந்திருக்கு. நேரா என்கிட்ட வந்தாரு. 'அவங்க வேனைத் திருப்பி நிறுத்தினா குழந்தை படுத்திருக்கிற பக்கம் வெயில் அடிக்கும். நான் குறுக்கே நின்னா அந்தச் சுவருக்கு நிழல் கிடைக்கும், நிறுத்திக்கட்டுமா'ன்னு கேட்டாரு."

அவள் ஏரியோரம் நின்ற வேனைப் பார்த்தாள்.

"இதை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வேண்டாம்மா, அந்தத் தம்பி காலையிலேர்ந்து வேர்க்க விறுவிறுக்க ஃபேன் மாட்டிக்கிட்டிருக்கு. குளிர்ந்தா அந்த ஃபேனாலயே குளிர்ந்ததா இருக்கட்டும். பொண்டாட்டி முன்னாடி அவரை எதுக்கு நான் சின்ன ஆளாக்கணும்'னாரு."