வளைவில் நின்ற இறக்கை

காற்றாலை இறக்கையை ஏற்றி வந்த நீளமான லாரி, நகரி வளைவில் திரும்ப முடியாமல் நின்றது. அதன் பின்னால் திருப்பதி பஸ்கள் வரிசைகட்டி நின்றன. பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்த கலைவாணிக்குக் கோபம் தலைக்கேறியது. ரோட்டுக்குள் நீட்டிக் கட்டிய ஒரு வீட்டு மதில்தான் தடை. அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சிரஞ்சீவி.

"இந்த மூலைய மட்டும் எடுத்தா லாரி போய்டும் சார். நாங்களே திரும்பக் கட்டித் தர்றோம்," என்று லாரியோடு வந்த மேஸ்திரி கெஞ்சினார்.

"எவன் ஊருக்கோ கரண்ட் எடுக்க என் செவுர இடிப்பியா?"

"கரி எரிக்காம, புகை இல்லாம வர்ற கரண்ட் சார். எல்லாருக்கும் நல்லதுதானே?"

"புகையால எனக்கு இன்னா நஷ்டம்?"

கலைவாணிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா நஷ்டமா? போன வருஷம் அந்தப் புகையால ஏறுன வெயில்ல இந்த ஊரு மாம்பூ மொத்தமும் கருகிச்சே, மறந்துட்டியா? ரோட்ட வளைச்சுக் கட்டிக்கினு ஞாயம் வேற பேசறியா? பஸ்ல கைக்கொழந்தைங்க வெந்துக்கினு கீதுங்க."

"நீ பஸ்ல போய் உக்காரு. நான் சொன்னா சொன்னதுதான்."

அவள் மேஸ்திரியிடம் திரும்பினாள். "நீங்க இடிங்கண்ணா."

"வூட்டுக்காரர் ஒத்துக்காம எப்படிம்மா கை வைக்கிறது?"

"இவரு எனக்குத்தான் வூட்டுக்காரரு. வூடு எங்க நைனா என் பேருல எழுதிக் குடுத்தது. நான் சொல்றேன், இடிங்க."