மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கடிதம்

"மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்களுக்கு வகுப்புக்கு ரெண்டு இடம் ஒதுக்கணும்னு சட்டமே இருக்கு, மேடம்," என்றார் எலெயூத்தேரியோ. டவுன் சிண்ட்ரோம் உள்ள அவருடைய ஆறு வயது மகள் யெசேனியா, பக்கத்தில் உட்கார்ந்து தன் ஷூ லேஸைத் தானே கட்டிக்கொண்டிருந்தாள்.

அரெகிப்பா நகரின் அந்தப் பள்ளித் தலைமையாசிரியை நெலிதா, விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டும் நிரம்பிருச்சு."

"யாரைச் சேர்த்தீங்க?"

"ஒரு பையனுக்கு மூக்குக்கண்ணாடி. ஒரு பொண்ணுக்கு ஆஸ்துமா."

"வெட்கமா இல்ல உங்களுக்கு?"

"கத்தாதீங்க. இவளைச் சிறப்புப் பள்ளியில கொண்டுபோய்ச் சேருங்க."

மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை உருவி, அவர் முன்னால் வீசினார் நெலிதா.

"அந்தச் சிறப்புப் பள்ளித் தலைமையாசிரியரே எழுதியிருக்காரு, படிங்க. 'இத்தகைய குழந்தைகள் சாதாரணப் பள்ளியில் வாடிப்போவார்கள். எங்களிடமே அனுப்புங்கள்.' பத்து வருஷமா உங்களை மாதிரி வர்றவங்க எல்லாருக்கும் இதைத்தான் காட்டி அனுப்புறேன். அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?"

எலெயூத்தேரியோ கடிதத்தைத் தொடவில்லை.

"அதை எழுதினது நான்தான்," என்றார். "அப்போ இவ பிறக்கல."

நெலிதா முதன்முறையாக விண்ணப்பத்தைப் பிரித்தார். விண்ணப்பத்திலும் கடிதத்திலும் ஒரே கையெழுத்து. கடிதத்தை மட்டும் பத்திரமாகக் கண்ணாடிக்கு அடியில் செருகிவைத்தார்.

"நல்லதாப் போச்சு. அந்தப் பள்ளிக்கு உங்களுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்ல. கிளம்புங்க."