எந்த இடத்துல நல்லாயிருக்கு?

"ஏனுங்க!"

சுஃப்யான் இரண்டு தடவை கூப்பிட்டும் கோபாலசாமி தலையைத் தூக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஃபோனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று சுஃப்யானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேட்டைத் தள்ளிக்கொண்டு போய் எதிரில் நின்ற பிறகுதான் நிமிர்ந்தார்.

"வாங்க தம்பி. யாருங்க?"

"சுஃப்யானுங்க. கோயமுத்தூர் கோட்டைமேடு. சாய்சரண்கூட பேண்டுல ட்ரம்ஸ் வாசிச்சவன்."

கோபாலசாமி சட்டென்று எழுந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதானுங்களா அது? கால் இப்பத் தேவலைங்களா?"

அந்தக் கேள்வியை சுஃப்யான் எதிர்பார்க்கவில்லை. போன வருஷம், 'மூணாம் ஷிஃப்ட்' பேண்டின் முதல் ஆல்பம் வெளியான இருபதாம் நாள், பைக் விபத்தில் சாய்சரண் போய்விட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த சுஃப்யானுக்குக் காலோடு போயிற்று. நண்பனை எடுக்கும்போது அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்கப்புறம் அவிநாசிக்கு வந்து இந்த வீட்டுப் படியேறத் தைரியம் வரவில்லை.

இன்றைக்கு வரவைத்தது கோபம்.

யூடியூபில் அந்த ஆல்பத்தின் ஏழு பாட்டுக்கும் கீழே யார் என்ன எழுதினாலும், 'காங்கேயம் காளை' என்ற பெயரில் ஒருவர் வந்து குடைந்துகொண்டே இருந்தார். நேஹா என்று ஒரு பெண், மூன்றாவது பாட்டில் கிட்டார் அழுகிறது என்று உருகி எழுதியிருந்தாள். 'எந்த இடத்துலங்க? எப்படி அழுவுது? கொழந்தை மாதிரியா, பெரியவங்க மாதிரியா?' என்று கேட்டது காளை. இன்னொருத்தன், தகரத்தைத் தட்டுகிற சத்தம் என்று திட்டியிருந்தான். அவனையும் விடவில்லை. 'எண்ணெய் டின்னுங்களா, தண்ணி டிரம்முங்களா? கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க.'

அப்புறம் கேட்பானேன்? பாட்டை விட்டுவிட்டு எல்லோரும் காளையோடு சேர்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். செத்தவனின் ஒரே ஆல்பம் ஊர்ச் சிரிப்பாகிவிட்டது.

முந்தாநாள் யாரோ, 'உனக்கென்னய்யா இவ்வளவு அக்கறை?' என்று கேட்டதற்கு, 'வாசிச்சது எம்பட பையனுங்க' என்று பதில் போட்டது காளை. சுஃப்யான் அன்றைக்குத் தூங்கவில்லை.

"இதெல்லாம் நீங்க எழுதறதுதானுங்களா அங்கிள்?" என்று ஃபோனை நீட்டினான்.

கோபாலசாமியின் முகம் மலர்ந்தது. "நான்தானுங்க. என்ன பண்றது, யாரும் சரியா எழுத மாட்டேங்கறாங்க. சூப்பர்ங்கறாங்க, செமங்கறாங்க, அம்புட்டுத்தான். பொள்ளாச்சிக்கார அம்மணி ஒருத்தங்கதான் வெவரமா எழுதுனாங்க. நாலாவது பாட்டுல நூல் மில்லு மெசின் ஓடற சத்தத்த அடியில வெச்சிருக்கானாமா. மொதல்ல தூரத்துல, அப்பறம் கிட்ட வருமாமா."

தெரியாதது போல என்னமாய்ப் பேசுகிறார் என்று சுஃப்யான் பல்லைக் கடித்தான். அந்தச் சத்தத்துக்காக சாய்சரண் நாலு நாள் மில் சுவரோரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவரே முப்பது வருஷம் வேலை பார்த்த மில்.

"அங்கிள், நான் இன்னைக்கு அந்த ஆல்பத்தையே எடுத்துப்போடறேனுங்க. சேனல் பாஸ்வேர்டு இப்ப எங்கிட்டதான் இருக்குது. அவன வெச்சு ஊரு சிரிக்கறதப் பாக்க முடியலீங்க."

அவர் கண்கள் சுஃப்யானின் வாயிலேயே நின்றன. முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துவிட்டது. "வேண்டாங்க தம்பி," என்றார். அவ்வளவுதான்.

சுஃப்யான் திரும்பிக்கொண்டான். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படத்தில் சாய்சரண் கிட்டாரோடு சிரித்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பற்றி அவன் வாய்விட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். 'எங்கப்பா எம்பட பாட்ட ஒருக்காக்கூட கேட்டதில்லடா.' அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

படத்தைப் பார்த்தபடியே சுஃப்யான் கொட்டிவிட்டான். "உசுரோட இருந்தப்ப ஒருக்காவாச்சும் அவன் பாட்டக் கேட்டீங்களா? இப்ப எதுக்குங்க இந்த அக்கறை? நீங்கெல்லாம் ஒரு அப்பனா?"

பின்னாலிருந்து அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான்.

"காப்பி குடிக்கறீங்களா தம்பி? சாய்சரண் அம்மா கோயலுக்குப் போயிருக்கறா. நானே போட்டுத் தாரேன்," என்றார் கோபாலசாமி.

இதற்கு மேல் இந்த ஆளிடம் பேச என்ன இருக்கிறது? சுஃப்யான் ஃபோனை எடுத்து ஆல்பத்தைத் திறந்தான். நீக்கவா என்று ஃபோன் கேட்டது. விரல் அதன்மேல் போவதற்குள் கோபாலசாமி பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கண் நிறைந்துவிட்டது.

"பாட்ட வேணும்னா எடுத்துப்போடுங்க தம்பி. உங்க பாட்டு, உங்களுக்கு உரிமை இருக்குது. கீழ எழுதியிருக்கறாங்கல்ல, அத மட்டும் உட்டுருங்க சாமி. இன்னும் நாலு பேரு வந்து எழுதுவாங்க."

சுஃப்யானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான். "பாட்டே போனதுக்கப்பறம், அவங்க எழுதுனத மட்டும் வெச்சு என்னங்க பண்ணுவீங்க?"

கோபாலசாமி குனிந்து அவன் முகத்தைத் தேடினார்.

"எம்பக்கம் திரும்பிச் சொல்லுங்க தம்பி. மில்லுல போனதுங்க, ரெண்டு காதும் கேக்காது."