பனியனில் இருந்த வார்த்தை

பெருங்களத்தூரில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், இஞ்சினியர் அருண்ராஜின் பனியனில் இருந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள் சித்தாள் செல்வம்மாள்.

“அபோகலிப்ஸ். உலகம் அழியறதுன்னு சொல்வாங்கக்கா. ஆனா அது கிரேக்கத்துல இருந்து வந்தது. மூடி வெச்சதைத் தெறந்து காட்டறதுன்னுதான் மொத அர்த்தம்.”

“எங்க வூட்ல சோத்துப் பானையைத் தெறந்தா அப்படித்தான் கீது சார்.”

அருண்ராஜ் சிரித்துக்கொண்டே மாடியேறினான். அவன் தலை மறைந்ததும் மேஸ்திரி தயாளன் வந்து அவள் கன்னத்தில் அறைந்தான்.

“இன்னாடி இஞ்சினியர்கிட்ட இளிப்பு? இப்படி இளிச்சுகினு திரிஞ்சா, ஆனந்தன் வேற ஒருத்தியை இஸ்துகினு ஓடாம இன்னா பண்ணுவான்?”

மூன்று மாதமாக இதே பேச்சு. அவள் புருஷன் ஓடிப்போன சேதியை முதலில் சொன்னவனும் அவன்தான். செல்வம்மாள் வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கடப்பாறையைத் தூக்கினாள். பின்வாங்கிய தயாளன், செப்டிக் டேங்க் ஓரம் தடுக்கி விழுந்தான். விழுந்தும் திமிர் அடங்கவில்லை.

“போடுடி, பாப்போம்!”

பிள்ளைகள் முகம் நினைவுக்கு வந்தது. அவன் தலையில் போட அவளுக்குக் கை வரவில்லை. ஆத்திரம் தீராமல், பக்கத்தில் இருந்த டேங்கின் கான்கிரீட் மூடியில் ஓங்கி ஒரு குத்து குத்தினாள். மூடி கீறல் விட்டது.

தயாளன் முகம் வெளுத்தது. பாய்ந்து மூடிமேல் குப்புறப் படுத்துக்கொண்டான்.

“வேணாம் செல்வம்மா! என் மண்டையிலயே போடு. இதை மட்டும் ஒடைக்காத!”

மறுபடி ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்த மூடிக்குக் கான்கிரீட் போட்ட அன்றைக்குத்தான் ஆனந்தன் கடைசியாக வேலைக்கு வந்திருந்தான்.