டிவி இல்லாத தெரு

அரசு உதவித்தொகைக்கு யார் உண்மையான ஏழை என்று வீடு வீடாகப் பார்த்து எழுதுவது ரோவெனாவின் வேலை. அவள் சரியாகத்தான் எழுதுகிறாளா என்று பார்க்க, இன்று மணிலாவிலிருந்து மேலதிகாரி வில்லாரோசா கூடவே வந்திருந்தார்.

முதல் வீடு பசிங் அக்காவுடையது. ஒரு பாய், ஒரு சட்டி, நாலு கருவாடு.

"டிவி இல்லையாம்மா?" என்றார் வில்லாரோசா.

"சோத்துக்கே வழியில்ல மேடம்."

"அப்ப சுவத்துல அந்த இடம் மட்டும் ஏன் வெளுப்பா இருக்கு?"

"ஏசுவோட கடைசி விருந்து படம் மாட்டியிருந்தோம். அதையும் வித்தாச்சு."

"இவ்வளவு அகலமாவா?"

"பதிமூணு பேர் உக்காரணுமில்ல மேடம்."

தெரு முழுக்க இதே கதைதான். ஒரு ஃப்ரிட்ஜ் இல்லை, ஒரு கரோக்கி பெட்டி இல்லை. கடைசி வீட்டில் வில்லாரோசா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவப்பட்ட ஜனங்க. எல்லார் பேரையும் எழுதிக்கோ."

ரோவெனாவுக்கு நிம்மதி. "என் வீடு பின்தெருதான் மேடம். ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க."

கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. ஒன்பது டிவி, ஆறு ஃப்ரிட்ஜ், மூன்று கரோக்கி பெட்டி. நடுவில் அம்மா மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"முன்தெருக்காரங்க வச்சிட்டுப் போனாங்கடி. சோதனை முடிஞ்சதும் எடுத்துக்குவாங்களாம். சோதிக்கிறவ வீட்டை யாரு வந்து சோதிக்கப் போறா?"

பிறகுதான் வாசலில் நின்ற வில்லாரோசாவை அம்மா பார்த்தாள்.

"வாங்க வாங்க. உங்க ஃப்ரிட்ஜ் எங்க? அடுப்பங்கரையில இன்னும் ஒண்ணு வைக்கலாம்."