பற்றவைக்காத பீடி

இருநூறு ரூபாய்.

நோட்டில் அவள் பெயருக்கு நேராக எழுதிவிட்டார் சூப்பர்வைசர்.

பஞ்சு குடோன் வளாகத்துக்குள் புகை பிடித்தால் அபராதம். சுவரில் பலகை அடித்து நான்கு நாள்தான் ஆகிறது. முதல் போணி அவள்.

அவர் அறை வாசலில் லோடு ஆட்கள் ஐந்து பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இருநூறு என்பது அரை நாள் கூலி.

லாரி ஒன்று இறக்கி முடித்தால் ஆண்கள் பின்சுவர் ஓரம் பீடி பிடிக்கப் போவார்கள். பீடி தீரும்வரை ஓய்வு. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

சிந்திய பஞ்சைக் கூட்டி மூட்டை கட்டுகிறவள் அவள். வெறுங்கையோடு உட்கார்ந்தால் உடனே குரல் வரும். ‘என்ன, சும்மா உக்காந்திருக்கே?’

ஒன்பது வருடமாக வந்த குரல்.

பலகை வந்த பிறகு அவர்கள் கேட்டைத் தாண்டி வேப்பமரம்வரை நடக்கவேண்டியதாயிற்று. ஓய்வு இரண்டு மடங்கானது.

அவர்களுக்கு.

இன்று காலை லோடு ஆள் ரங்கனிடம் ஒரு பீடி கேட்டு வாங்கினாள். மரம்வரை போகக் கால் வரவில்லை. விரலிடுக்கில் பீடியை வைத்துக்கொண்டு, மூட்டை மேலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும்?

“நான் ஊதவே இல்லீங்களே சார்.”

“கையில பீடி இருந்துச்சா இல்லியா, மாராயக்கா?”

“இருந்துதுங்க. உங்க சட்டப் பையிலகூடத்தான் சிகரெட்டு இருக்குதுங்க.”

வாசலில் சிரிப்பு உடைந்தது. “அப்படிப் போடுக்கா!” என்றான் ரங்கன்.

சூப்பர்வைசரின் கை தானாகப் பைக்குப் போய்த் திரும்பியது. மேஜைமேல் கிடந்த பீடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நுனி கருகவில்லை. முழுப் பீடி.

“பத்தவெக்காத பீடிய வெச்சுக்கிட்டு என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க?”

“உக்காந்துட்டு இருந்தேனுங்க.”

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

சூப்பர்வைசர் பேனாவைத் திறந்தார். இருநூறின் மேல் ஒரு கோடு. போதாதென்று இன்னொன்று.

பிறகு எழுந்தார். “வாங்கப்பா, மரத்தடிக்குப் போயிட்டு வந்தரலாம்.”

வாசலைத் தாண்டும்போது திரும்பாமலே சொன்னார்.

“நாங்க வர்றவரைக்கும் நாற்காலி சும்மாத்தான் கெடக்கும்க்கா.”

அவள் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. காலை நீட்டினாள்.

ஜன்னல் வழியே பார்த்தாள். ஆறு பேரும் அதற்குள் மரத்தை எட்டியிருந்தார்கள்.

அந்த மரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி நட்டிருக்கலாம்.