கடைசி நெல் வரை குவியல்

ஒரு களஞ்சியத்தில் நெற்குவியல் இருந்தது. அதற்கு ஒரு பூனை காவல். திருடத் தயங்கிய சுண்டெலியிடம் பெருச்சாளி கேட்டது: “ஒரு நெல்லை எடுத்தால் குவியல் குவியலாக இல்லாமல் போய்விடுமா? போகாது. அப்புறம் என்ன பயம்?”

இரண்டும் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றன. பூனை தூங்கி எழுந்தபோது ஒரே ஒரு நெல் கிடந்தது.

“குவியல் எங்கேடா?” என்று சீறியது பூனை.

“இதோ இருக்கிறதே,” என்றது பெருச்சாளி. “இல்லையென்றால், எந்த நெல்லோடு குவியல் போனதென்று காட்டுங்கள்.”

பூனை வெகுநேரம் யோசித்தது. பிறகு பணிவாகக் கேட்டது: “உன் வாலில் ஒரு துணுக்கைக் கடித்தால், அப்போதும் நீ பெருச்சாளிதானா?”

“அண்ணே, ஓடிடுங்க!” என்று கத்திக்கொண்டே சுண்டெலி வளைக்குள் பாய்ந்தது.

பெருச்சாளி அசையவில்லை. ஓடினால் வாதம் என்னாவது? “பெருச்சாளிதான்,” என்றது.

வால் போனது. காது போனது. ஒவ்வொரு கடிக்கும் முன்பு பூனை மரியாதையாகக் கேட்டது. பெருச்சாளியும் அதே பதிலைச் சொன்னது.

கடைசியில் பூனை ஏப்பம் விட்டது. வளைக்குள்ளிருந்து சுண்டெலி அழுதது: “அண்ணே, இருக்கீங்களா?”

பூனையின் வயிற்றிலிருந்து குரல் வந்தது: “‘இருப்பது’ என்று எதைச் சொல்கிறாய்? முதலில் அதைத் தெளிவாகச் சொல்.”